இல்லாத கால் ஏன் வலிக்கிறது? – வி.எஸ். இராமச்சந்திரனின் ஆய்வுகளும் ஓர் அலுமாரிக் கண்ணாடியும்

வெட்டி எடுக்கப்பட்ட கால் வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் எங்கள் தோட்டங்களில் இரண்டு பதில்கள் கிடைக்கும். ‘பாவம், மனசு உடைஞ்சு போச்சு’ என்பது ஒன்று. ‘வெட்டின காலை ஒழுங்காகப் புதைக்கவில்லை, அதுதான் கூப்பிடுது’ என்பது மற்றது. டிக்கோயாவில் வளர்ந்த நான் இரண்டையும் பலமுறை கேட்டிருக்கிறேன்.

உண்மையில் கை கால் இழந்தவர்களில் மிகப் பெரும்பாலானோருக்கு, இழந்த உறுப்பு இன்னும் அங்கேயே இருப்பது போன்ற உணர்வு இருக்கிறது. அவர்களில் பலருக்கு அதில் வலியும் இருக்கிறது. அவர்கள் பொய் சொல்லவில்லை, அவர்களுக்குப் பைத்தியமும் இல்லை. வலி உண்மையானது, ஆனால் அது காலில் இல்லை. இதை உலகம் முழுக்கச் சாதாரண வாசகர்களுக்கும் புரிகிற மாதிரி எடுத்துச் சொன்னவர் ஒரு தமிழர். பெயர் விளையனூர் சுப்பிரமணியன் இராமச்சந்திரன். அமெரிக்காவின் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் மூளை மற்றும் அறிதல் மையத்தை நடத்தியவர். நமது பத்திரிகைகள் அவரை ‘சாதனைத் தமிழர்’ வரிசையில் ஒரு புகைப்படத்தோடு போட்டுவிட்டுப் போய்விடுகின்றன. அவர் என்ன படித்தார், எதை ஆராய்ந்தார், அதில் எது நின்றது, எது கேள்விக்குள்ளானது என்று எழுதுவது குறைவு. இந்தக் கட்டுரை அதற்காகத்தான்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இது ஏழை வீட்டுப் பிள்ளை முன்னுக்கு வந்த கதை அல்ல. இராமச்சந்திரன் 1951இல் தமிழ்நாட்டில் பிறந்தார். அவரது பாட்டனார் அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், இந்திய அரசியலமைப்பை வரைந்த குழுவில் இருந்தவர். தந்தை பொறியியலாளர், ஐக்கிய நாடுகள் சபையின் கைத்தொழில் அபிவிருத்தி அமைப்பில் பணியாற்றியவர். அதனால் பிள்ளையின் படிப்பு சென்னையிலும் பாங்கொக்கின் பிரித்தானியப் பாடசாலையிலுமாக நடந்தது. சங்குகளும் புதைபடிவங்களும் சேகரிக்கிற பொழுதுபோக்கு அந்த வயதிலேயே இருந்தது. அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. 2009இல் ஒரு டைனோசர் இனத்துக்கே அவரது பெயரை இணைத்து மினோட்டாரசோரஸ் இராமச்சந்திரனி என்று பெயரிட்டார்கள்.

பாட்டனார் அங்கே குடியுரிமை உட்பட அரசியலமைப்பின் வாசகங்களை எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கே எங்கள் பாட்டனார்கள் குடியுரிமையை இழந்துகொண்டிருந்தார்கள். தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். ‘அவர் தமிழர், நாமும் தமிழர், நம்மாலும் முடியும்’ என்று மேடைகளில் பேசுபவர்கள் இந்த இடைவெளியைச் சொல்லாமல் விடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் அவர் எம்.பி.பி.எஸ். படித்தார். மாணவராக இருந்தபோதே அவரை இழுத்தது நோய்கள் அல்ல, பார்வை. நமக்கு இரண்டு கண்கள், இரண்டிலும் விழும் படம் சற்றே வேறுபட்டது, ஆனால் நாம் காண்பது ஒரே உலகம், அதுவும் ஆழத்தோடு. இரண்டு படங்களையும் மூளை எப்படிச் சேர்க்கிறது? இதைப் பற்றி எளிய கருவியொன்றை வைத்துச் செய்த பரிசோதனையை எழுதி இங்கிலாந்தின் ‘நேச்சர்’ சஞ்சிகைக்கு அனுப்பினார். அதைப் பிரசுரித்தார்கள். அப்போது அவருக்கு இருபது வயதையொட்டி. பிறகு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் டிரினிட்டி கல்லூரிக்குச் சென்று 1978இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். அடுத்து அமெரிக்காவில் கால்டெக் நிறுவனத்தில் இரண்டு ஆண்டுகள் ஆய்வு. 1983இல் சான் டியாகோவில் உளவியல் துறையில் உதவிப் பேராசிரியர், 1988இல் பேராசிரியர்.

அந்த 1988ஆம் ஆண்டில் அவர் ‘நேச்சரில்’ எழுதிய ஒரு கட்டுரையை உங்கள் கைத்தொலைபேசியிலேயே சோதித்துப் பார்க்கலாம். மழை பெய்த மண்பாதையில் பதிந்த காலடித் தடத்தைப் படம் எடுங்கள். படத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். பள்ளமாகத் தெரிந்த தடம் பல நேரம் மேடாக எழுந்து நிற்கும். காரணம், வெளிச்சம் மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே இடத்திலிருந்துதான் வரும் என்று மூளை முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருக்கிறது. பல்லாயிரம் தலைமுறைகளாகச் சூரியன் மேலேதானே இருந்தது. கண் அனுப்புவதை மூளை அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை, ஊகிக்கிறது. இராமச்சந்திரனின் பிற்கால வேலைகள் அனைத்துக்கும் அடியில் இந்த ஒரு எண்ணம் ஓடுகிறது.

கால் விடயத்துக்கு வருவோம்.

இல்லாத உறுப்பை உணர்வது பழைய செய்தி. பிரித்தானியக் கடற்படைத் தளபதி நெல்சன் 1797இல் வலது கையை இழந்த பிறகு அந்தக் கையை உணர்ந்தார். கையே போன பின்னும் கை இருக்குமானால் உடல் போன பின்னும் ஆன்மா இருக்கும், இது அதற்கு அத்தாட்சி என்று அவர் எடுத்துக்கொண்டாராம். நம் ஊர்க்காரர்களின் விளக்கத்துக்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் கை கால் இழந்த படையினரைக் கவனித்த வைத்தியர் சைலஸ் வெயர் மிட்செல், 1870களின் தொடக்கத்தில் இதற்கு ‘பேய் உறுப்பு’ என்ற பொருள்படும் பெயரை வைத்தார். அதற்குப் பிறகு நெடுங்காலம் வைத்தியர்கள் நம்பியது, வெட்டுண்ட நரம்பு நுனிகள் முடிச்சாகித் தொல்லை தருகின்றன என்பதை. எனவே மீதியிருக்கும் காலை இன்னும் கொஞ்சம் மேலே வெட்டிப் பார்த்தார்கள். பலருக்கு வலி போகவில்லை.

மூளையின் மேற்பரப்பில் உடலுக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. கனடாவில் வைல்டர் பென்ஃபீல்ட் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், விழித்திருக்கும் நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு அந்த வரைபடத்தைக் கண்டார். அதில் உறுப்புகள் உடலில் இருக்கும் ஒழுங்கில் இல்லை. கைக்கான பகுதியின் பக்கத்திலேயே முகத்துக்கான பகுதி. பாதத்துக்கான பகுதியின் பக்கத்தில் அந்தரங்க உறுப்புகளுக்கான பகுதி. 1991இல் திமோதி பொன்ஸ் என்பவரும் அவரது குழுவினரும் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பல ஆண்டுகளுக்கு முன் கையின் உணர்வு நரம்புகள் துண்டிக்கப்பட்டிருந்த குரங்குகளின் முகத்தைத் தொட்டபோது, மூளையில் கைக்குரிய பகுதி பதிலளித்தது.

இதைப் படித்த இராமச்சந்திரன் பெரிய இயந்திரம் எதையும் தேடவில்லை. விபத்தொன்றில் இடது கையை இழந்திருந்த ஓர் இளைஞனை வரவழைத்தார். புத்தகத்தில் அவனுக்கு டொம் என்று பெயர். கண்ணைக் கட்டிவிட்டு, காது குடையும் பஞ்சுக் குச்சியால் கன்னத்தைத் தொட்டு ‘எங்கே தெரிகிறது?’ என்று கேட்டார். கன்னத்தில் என்றான் அவன், இல்லாத கையின் பெருவிரலிலும் என்றான். மேலுதட்டைத் தொட்டால் சுட்டுவிரல். முகத்தில் ஒரு கையின் வரைபடமே இருந்தது. கைப் பகுதி வேலையில்லாமல் கிடக்க, பக்கத்து முகப் பகுதியின் செய்திகள் அதற்குள் புகுந்துவிட்டன என்பது அவரது விளக்கம். வளர்ந்த மனிதனின் மூளை மாறாது என்று பாடப்புத்தகங்கள் சொல்லிக்கொண்டிருந்த காலம் அது.

அடுத்தது கண்ணாடி. சிலருக்கு இல்லாத கை அசைவற்று, இறுகிய நிலையில் கிடக்கும். விரல்கள் மடங்கி நகம் உள்ளங்கைக்குள் புதைவது போல வலிக்கும். திறக்க நினைத்தாலும் திறக்காது. இவர்களில் பலருக்கு, வெட்டுவதற்கு முன்பே அந்தக் கை செயலிழந்து கிடந்ததை இராமச்சந்திரன் கவனித்தார். அசை என்று மூளை கட்டளை அனுப்புகிறது, அசையவில்லை என்று கண் திருப்பிச் சொல்கிறது. மாதக்கணக்கில் இது நடந்தால் ‘இந்தக் கை அசையாது’ என்று மூளை கற்றுக்கொள்கிறது. பிறகு கையை எடுத்துவிட்டாலும் கற்ற பாடம் போவதில்லை. கண் சொன்னதால் கற்றதை, கண்ணைக் கொண்டே அழிக்க முடியாதா?

மூடியில்லாத ஒரு பெட்டியின் நடுவே முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, இருக்கும் கையை அதன் முன்னால் வைக்கச் சொன்னார். கண்ணாடியில் தெரியும் கை, இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் தெரியும். இரண்டு கைகளையும் ஒரே நேரத்தில் விரிப்பதாக நினைத்து அசைக்க வேண்டும். பத்து ஆண்டுகளாக அசையாத கை அசைகிறது என்று ஒரு நோயாளி கத்தினார். பெட்டியை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரங்கள் கழித்து அந்த மனிதருக்கு இல்லாத கையே காணாமற்போய், தோளில் ஒட்டிய விரல்கள் மட்டும் மிஞ்சின. முழங்கை வலி அதோடு போயிற்று. இல்லாத உறுப்பொன்றை வெட்டி எடுத்த முதல் வைத்தியன் நானாகத்தான் இருக்கும் என்ற பொருளில் இராமச்சந்திரன் பிறகு வேடிக்கையாக எழுதினார்.

இதை நான் தேடிப் படித்ததற்குக் காரணம் என் தாய்மாமன். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து அரைக்கும் ரோலரில் வேலை செய்தவர். சீனி வியாதி அவரது பாதத்தின் நரம்புகளை மரக்கச் செய்திருந்தது. சப்பாத்து உரசிய புண்ணை அவர் பார்த்தது நாலைந்து நாள் கழித்து. வலித்திருந்தால் அன்றே பார்த்திருப்பார். சீனி கூடினால் நரம்பும் இரத்த ஓட்டமும் ஒன்றாகக் கெடுவதால் புண் ஆறாமல் அழுகும். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பெருவிரலில் குத்தினாலும் தெரியாத அந்தக் கால், எடுத்த பிறகுதான் வலிக்க ஆரம்பித்தது.

“பெருவிரலப் புடிச்சு முறுக்குது மருமகனே. விரல்தான் எங்கனு தெரியல” என்பார். இரவில்தான் அதிகம். கிளினிக்கில் சொன்னபோது, அது மனப்பிரமை, யோசிக்காமல் படுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அதன் பிறகு அவர் யாரிடமும் சொல்வதை நிறுத்திவிட்டார். வலியைவிட அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. ஊடகக் கற்கை படித்த எனக்கு மருத்துவம் தெரியாது, ஆனால் தேடத் தெரியும்.

வீட்டில் பழைய அலுமாரி ஒன்றின் கதவுக் கண்ணாடி கிடந்தது. அதன் விளிம்புகளில் துணி ஒட்டினோம். மாமாவை வாங்கில் இரண்டு காலையும் நீட்டி உட்கார வைத்து, கால்களுக்கு இடையே கண்ணாடியை நிறுத்தினோம், முகம் காட்டும் பக்கம் நல்ல காலைப் பார்த்தபடி. அவர் குனிந்து பார்த்தார். இரண்டு கால்கள் தெரிந்தன. கொஞ்ச நேரம் பேசவேயில்லை. பிறகு நல்ல காலின் விரல்களை மெல்ல விரித்தார், மடக்கினார். “தெறக்குது” என்றார். அத்தை அந்தப் பக்கம் பார்க்க மாட்டேன் என்று குசினிக்குள் போய்விட்டார்.

அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. முறுக்கல் சில மணி நேரம் விட்டது, மறுபடி வந்தது. நாலைந்து வாரம் தினமும் செய்த பிறகு தூங்கக்கூடிய இரவுகள் கூடின. இப்போதும் குளிர் கூடிய மாதங்களில் வலி வருகிறது. ஒன்று மட்டும் முழுதாக மாறியது. இது மூளையில் நடக்கிற விடயம், இதற்குப் பெயர் இருக்கிறது, உலகமெங்கும் வருகிறது என்று தெரிந்த பிறகு மாமா அதைப் பற்றிப் பேசுகிறார். பக்கத்து லயத்தில் கால் எடுத்த ஒருவருக்கு அவரே போய் விளக்கமும் சொன்னார்.

ஒரு வீட்டுக் கதை ஆதாரம் ஆகாது. 2007இல் ‘நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசின்’ சஞ்சிகையில் அமெரிக்க இராணுவ வைத்தியசாலை ஒன்றின் ஆய்வு வந்தது. காலை அல்லது பாதத்தை இழந்த 22 பேரை மூன்று குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்குக் கண்ணாடி, ஒரு குழுவுக்குத் துணியால் மூடிய கண்ணாடி, மூன்றாவது குழு கண்ணை மூடிக்கொண்டு மனதில் கற்பனை செய்ய வேண்டும். தினமும் 15 நிமிடம், நான்கு வாரம். இறுதிவரை நின்ற 18 பேரில் கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. மூடிய கண்ணாடிக் குழுவில் ஒருவருக்குத்தான் குறைந்தது, கற்பனைக் குழுவில் இருவருக்கு. அந்த இரு குழுக்களிலும் சிலருக்கு வலி கூடியது. கம்போடியாவில் கண்ணிவெடியில் கால் இழந்தவர்களிடமும் இதைச் செய்து பார்த்து 2018இல் ஆய்வு வெளியிட்டார்கள். மருந்துக்கும் இயந்திரத்துக்கும் பணமில்லாத இடங்களுக்கு இது ஏற்றது என்பதால் எனக்கு அந்தக் கம்போடிய ஆய்வு முக்கியமாகப் படுகிறது. வடக்கிலும் கிழக்கிலும் போரில் கை கால் இழந்தவர்கள் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை வாசகர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இத்தகைய ஆய்வுகள் பெரும்பாலும் சிறியவை, எல்லோருக்கும் பலன் தருவதில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இராமச்சந்திரனின் விளக்கமும் இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது. 2013இல் டாமர் மக்கின் என்ற ஆய்வாளரும் குழுவினரும், கை இழந்தவர்களின் மூளையில் கைக்கான பகுதி பெரும்பாலும் அப்படியே இருப்பதையும், வலி அதிகமுள்ளவர்களில் அது இன்னும் உயிர்ப்போடு இருப்பதையும் காட்டினார்கள். 2025இல் அதே வழியில் வந்த ஆய்வொன்று, மூன்று பேரின் மூளையைக் கை எடுக்கும் முன்பும் எடுத்துப் பல ஆண்டுகள் கழித்தும் படம் பிடித்தது. வரைபடம் மாறவேயில்லை. அப்படியென்றால் முகம் வந்து கையின் இடத்தைப் பிடித்தது என்ற கதை அவ்வளவு நேரானது அல்ல. கன்னத்தைத் தொட்டபோது அந்த இளைஞன் உணர்ந்தது பொய்யாகிவிடாது, ஆனால் காரணம் வேறாக இருக்கலாம்.

இன்னொரு கோட்பாட்டின் நிலைமை இதைவிட மோசம். பிறர் செய்வதைப் பார்க்கும்போதும் நாமே செய்வது போல இயங்கும் ‘கண்ணாடி நரம்பணுக்கள்’ 1990களில் இத்தாலியில் குரங்குகளில் கண்டுபிடிக்கப்பட்டன. மரபணு ஆய்வு உயிரியலுக்குச் செய்ததை இவை உளவியலுக்குச் செய்யும் என்று இராமச்சந்திரன் 2000இல் எழுதினார். ஓட்டிசம் என்பது இந்த நரம்பணுக்களின் கோளாறு என்றும் வாதிட்டார். பின்வந்த ஆய்வுகள் அதற்குப் போதிய ஆதாரம் தரவில்லை. பெற்றோர்கள் இணையத்தில் அந்தப் பழைய கட்டுரைகளை இன்றும் படித்துக் குழம்புகிறார்கள். ஒன்றிரண்டு நோயாளிகளைக் கூர்ந்து பார்த்துப் பெரிய ஊகத்துக்குத் தாவுவது அவரது பலம். அவர் வழுக்கிய இடங்களும் அங்கேதான்.

அந்த முறை எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு நோயாளி. விபத்தில் தலையில் அடிபட்ட இளைஞன் ஒருவன், தன் தாயைப் பார்த்து ‘இவள் அம்மா மாதிரியே இருக்கிறாள், ஆனால் அம்மா இல்லை, வேஷக்காரி’ என்கிறான். அதே தாய் தொலைபேசியில் பேசினால் உடனே அம்மா என்று ஏற்றுக்கொள்கிறான். கப்கிராஸ் என்று பெயருள்ள நிலைமை இது. முகத்தை அடையாளம் காணும் பகுதிக்கும் உணர்ச்சியை எழுப்பும் பகுதிக்கும் இடையிலான பாதை அறுந்திருக்கிறது, குரலுக்கான பாதை வேறு, அது தப்பிவிட்டது என்று இராமச்சந்திரனும் வில்லியம் ஹேர்ஸ்டீனும் 1997இல் எழுதினார்கள். தெரிந்த முகத்தைக் கண்டால் நம் உள்ளங்கை வியர்வையில் நுண்ணிய மாற்றம் வரும். இவனுக்கு அது வரவில்லை. இப்படி ஒரு பிள்ளை நம் தோட்டத்தில் பேசினால் முதலில் சாமியாடியிடம்தான் கொண்டுபோவார்கள். ஆறுதலுக்குப் போகட்டும், ஆனால் தலையில் அடிபட்டதா என்று யாராவது கேட்க வேண்டும்.

எழுத்துகளையும் எண்களையும் நிறமாகக் காண்பவர்களைப் பற்றியும் அவர் ஹப்பார்டுடன் சேர்ந்து ஆராய்ந்தார். அந்த 2001ஆம் ஆண்டுக் கட்டுரையில் தமிழர்களுக்கும் ஓர் இடம் உண்டு. கூரான முனைகள் உள்ள ஓர் உருவம், மழுங்கிய வளைவுகள் உள்ள ஓர் உருவம். இதில் எது ‘கிக்கி’, எது ‘பூபா’? அமெரிக்க மாணவர்களையும் இந்தியாவில் தமிழ் பேசுபவர்களையும் கேட்டபோது நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கு மேல் கூரானதையே கிக்கி என்றார்கள். ஒலிக்கும் வடிவத்துக்கும் மூளையில் ஏதோ உறவு இருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன், விதிவிலக்கு ஒருவர் கூட இல்லை.

அவரது புத்தகங்களில் 1998இல் சாண்ட்ரா பிளேக்ஸ்லியுடன் எழுதிய ‘பான்டம்ஸ் இன் த பிரெய்ன்’ இன்றும் படிக்க நன்றாக இருக்கிறது. 2003இல் பி.பி.சி.யின் ரீத் விரிவுரைகளை ஆற்றினார், 2007இல் இந்திய அரசு பத்மபூஷண் கொடுத்தது. மூளை ஆராய்ச்சிக்குப் போக உயர்தரத்தில் எதைப் படிக்க வேண்டும் என்று கேட்கிற பிள்ளைகளுக்கு, மருத்துவம் ஒரு வழி, ஒரே வழி அல்ல. உயிரியல், உளவியல், பௌதிகம், கணினி என்று பல வாசல்களால் இன்று இந்தத் துறைக்குள் வருகிறார்கள். ஆனால் தமிழ்மொழி மூலம் விஞ்ஞானப் பிரிவு நடத்தப் போதிய ஆசிரியர்கள் தோட்டப்புறத்தில் இல்லாதவரை இந்த வாசல்களில் பல நமக்குப் பூட்டியே இருக்கும்.

உறுப்பை இழந்தவர் வீட்டில் இருந்தால் செய்யக்கூடியது இது. இல்லாத உறுப்பில் வலி இருக்கிறதா என்று நீங்களாகவே கேளுங்கள். கிளினிக்கில் ‘கால் வலிக்கிறது’ என்று மட்டும் சொன்னால் வெட்டுக்காயத்தைப் பார்த்துவிட்டு அனுப்பிவிடுவார்கள். ‘எடுத்த காலின் விரல் வலிக்கிறது’ என்று பிரித்துச் சொல்லுங்கள். வெட்டிய இடத்தில் சிவப்பு, சூடு, சீழ் இருந்தால் அது வேறு விடயம், உடனே காட்ட வேண்டும். இந்த வலிக்கென்று அமிட்ரிப்டிலின், காபாபென்டின் போன்ற மருந்துகளை வைத்தியர்கள் கொடுக்கிறார்கள், சாதாரண வலிமாத்திரை பெரும்பாலும் போதாது. கண்ணாடிப் பயிற்சியை இயன்மருத்துவப் பிரிவில் கேட்டுத் தொடங்குவது நல்லது. சிலருக்குத் தலை சுற்றும், சிலருக்கு அழுகை வரும், அப்போது நிறுத்திவிட வேண்டும். கண்ணாடி முழங்காலிலிருந்து பாதம் வரை காட்டுகிற நீளத்தில் இருந்தால் போதும். மோதிரம், கொலுசு, கயிறு இருந்தால் கழற்றிவிடுங்கள். இல்லாத காலில் அவை இருப்பது போலத் தெரிந்தால் மூளை நம்பாது.